ஹெலன் ஆடிய கேம்

தேர்வாய் கண்டிகை தொழிற்பேட்டையில் ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்த சாம்சனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"இன்னா ஹெலன், புள்ள உடம்பு முடியாம படுத்துக்கினு கீது. நீ இன்னும் கேம் ஆடிக்கினு கீற?"

மனைவி நிமிரவில்லை. கம்ப்யூட்டர் திரையில் ஒரு வண்ணச் சுருளை வளைத்துத் திருப்பினாள். பாயின்ட் ஏறியது.

"அத்த வுட்டுட்டு ஏஞ்சலினைப் பாரேன்!"

"அவளுக்காகத்தாங்க ஆடறேன். இந்தச் சுருள்தான் அவ நோய்க்குக் காரணமான புரதம். இது எப்படி மடங்குதுன்னு தெரிஞ்சாதான் மருந்து தேட முடியுமாம். அதான் விஞ்ஞானிங்க இத்த கேமா செஞ்சு எல்லாரையும் ஆடச் சொல்லிக்கீறாங்க. நேத்து நான் மடிச்சதை லேப்ல சோதிச்சுப் பாக்கப் போறாங்களாம். இப்பத்தான் போன் வந்துச்சு."

சாம்சன் நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தான்.

"எந்தப் பக்கம் வளைக்கணும்? எனக்கும் சொல்லிக்குடு."