கிணற்றடிப் படம்

போட்டோவைப் பார்த்தே ஒரு குடும்பத்தை எடை போட்டுவிடுவேன் என்று எனக்குக் கர்வம் உண்டு.

1996-ல் மகனுக்குப் பெண் பார்க்க ஜெயங்கொண்டம் போனோம். கூடத்துச் சுவரில் ஒரு பழைய படம். கிணற்றடியில் தண்ணீர் இறைக்கும் இளம்பெண், கழுத்தில் கனத்த தங்கச் சங்கிலி.

"எங்க வூட்டம்மாதாங்க. கல்யாணத்துக்கு முந்தி, அவங்க சிங்கப்பூர் மாமா எடுத்தது" என்றார் பெண்ணின் அப்பா.

என் மனைவி லீலாவதியின் காதில் சொன்னேன்: "கன்னத்தப் பாரு, பாலும் நெய்யுமா வளந்த கன்னம். தண்ணி இறைக்கவே அம்மாம் பெரிய சங்கிலின்னா, பொட்டியில எவ்வளவு இருக்கும்? நாம கேட்டாத்தான் கொறச்சுப் போடுவாங்க."

"எதுக்கும் கேட்டுடுங்க" என்றாள்.

நான் கேட்கவில்லை. "நகையெல்லாம் உங்க இஷ்டம். ஒண்ணுமே போடலன்னாலும் சரி" என்றேன், சபை நடுவே. பெண்ணின் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு கண்கலங்கினார். அப்போதே தாம்பூலம் மாற்றிக்கொண்டோம்.

கிளம்பும்போது சம்பந்தியம்மாவிடம் அந்தப் படத்தைப் பாராட்டினேன்.

"அத ஏன் கேக்குறீங்க" என்று வெட்கப்பட்டார். "அப்ப எனக்குப் பொன்னுக்கு வீங்கி. கன்னம் ரெண்டும் பூசணிக்காயாட்டம் ஆயிடுச்சு. தங்கம் போட்டா வடியும்னாங்க. எங்க வூட்டுல ஏது தங்கம்? எதுத்த வூட்டுலதான் இரவல் வாங்கிப் போட்டுவிட்டாங்க."

பஸ்ஸில் அரியலூர் வரும்வரை லீலாவதி என் கன்னத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள்.