தோண்டாமல் எடுத்த செம்பு

"சார், கிணத்துத் தண்ணி பாஸாயிடுச்சு!"

பெங்களூர் தொம்மலூர் ஆய்வுக்கூடத்தின் படிகளில் தடதடவென்று ஏறிவந்த சுப்ரியாவுக்கு மூச்சு வாங்கியது. இயக்குநர் வெங்கடகிருஷ்ணன் கண்ணாடியைக் கழற்றினார்.

"மெதுவாம்மா. காப்பர்?"

"துளிகூட இல்ல சார்."

"ஆசிட்?"

"அதுவும் இல்ல. நாம வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி இருந்ததைவிட இப்ப இன்னும் சுத்தமா இருக்கு!"

"அடேயப்பா! அப்ப நம்ம ஆசிட்டுக்குப் புண்ணியமும் உண்டுன்னு சொல்லு." அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

சந்தோஷம் இருக்காதா? கோலார் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நிலத்துக்கடியில் செம்புத் தாது இருந்தது. மலையை உடைக்காமல், சுரங்கம் வெட்டாமல், சோதனை முறையில் ஒரு துளை வழியாக நீர்த்த அமிலத்தை உள்ளே விட்டு, கரைந்த செம்பை இன்னொரு துளை வழியாக உறிஞ்சி எடுத்தார்கள். எதிர்பார்த்ததைப்போல இரண்டு மடங்கு செம்பு மேலே வந்தது. ஒரு மரம்கூடச் சாயவில்லை. பாக்கி இருந்தது ஒரே பயம்தான். அமிலம் வழிமாறி ஊர்க் கிணற்றில் கலந்துவிட்டால்? அந்த ஊருக்கே அது ஒன்றுதான் கிணறு.

"தலைமை ஆபீசுக்கு ஃபேக்ஸ் எழுதி வெச்சிட்டேன் சார். 'கிணறு சுத்தம். பெரிய அளவில் தொடங்கலாம்.' அனுப்பிடவா?"

"உடனே அனுப்பு. நாளைக்கே ஊரைச் சுத்தித் துளை போடச் சொல்லிடுவாங்க. உனக்குப் பிரமோஷன் நிச்சயம்."

காகிதத்தை ஃபேக்ஸ் மெஷினில் வைத்தவள், பொத்தானை அழுத்தாமல் நின்றாள்.

"ஒரு நிமிஷம் சார். முதல்ல ரத்னம்மாகிட்ட சொல்லிடறேன்."

"யாரது?"

"கிணத்தை ஒட்டின வீட்டுக்காரம்மா. தண்ணி சாம்பிள் எடுக்கப் போன அன்னிக்கு நான் பம்ப் வேலையில மாட்டிக்கிட்டேன். பாட்டிலைக் கொடுத்து, தண்ணி ரொப்பித் தாங்கன்னேன். வேலையெல்லாம் போட்டுட்டு ரொப்பிக்கொடுத்து, சாப்பாடும் போட்டாங்க. நான் ஒரு தேங்க்ஸ்கூடச் சொல்லாம ஜீப்ல ஏறிட்டேன்."

"ஃபேக்ஸ் போனப்புறம் சொல்லேன். ஓடியா போயிடப் போறாங்க?"

"அவங்க கிணறு சார். அவங்களுக்குத்தானே முதல்ல தெரியணும்?"

"நீயும் உன் மரியாதையும்! சரி, பேசு."

நன்றியைத் தள்ளிப்போடாதே என்று சிலர் மனத்தில் ஆண்டவனே சொல்லிவிடுகிறான் போலும். கிராமத்து மளிகைக் கடைக்குப் போன் போட்டாள். கடைக்காரர் ஆளனுப்பி ரத்னம்மாவை அழைத்துவரும்வரை ரிசீவரைக் காதிலிருந்து எடுக்காமல், சிரித்த முகத்தோடு காத்திருந்தாள்.

"யாரு, பெங்களூர்ப் பொண்ணா? நல்லாயிருக்கியா கண்ணு?"

"ரொம்ப நல்லாயிருக்கேம்மா! உங்களுக்கு ஒரு நல்ல சேதி. நீங்க ரொப்பிக்கொடுத்த தண்ணி இளநீர் மாதிரி சுத்தமா இருக்குன்னு ரிப்போர்ட் வந்திருக்கு!"

"இருக்காதா பின்னே?" ரத்னம்மாவின் குரலில் பெருமை பொங்கியது. "குடிக்கத்தானே கேட்டே? எங்க கிணத்துத் தண்ணி கொஞ்ச நாளா வாயில வைக்க முடியாமக் கசக்குது. நாங்க எப்படியோ குடிச்சிக்கிறோம், வீடு தேடி வந்த புள்ளைக்கு அதையா கொடுப்பேன்? பக்கத்து ஊர் கோயில் ஊத்துக்கு நடந்துபோய்ப் புடிச்சாந்தேன் கண்ணு!"