மூணேகால் அடி

"மாமா, இது கொலை!"

இசைவாணி போட்ட சத்தத்தில் ஜன்னலுக்கு மரம் இழைத்துக்கொண்டிருந்த தச்சர் சார்லஸ் கையை நிறுத்திவிட்டார்.

கொலையாகவிருந்தது வீடு. கடலூரின் பழைய நகரமான ஓ.டி.யில், மாமா தில்லைநாதனின் தாத்தா 1931-ல் கட்டியது. கொலைக் கருவி மாமாவின் கையில் இருந்தது. சுவரும் தரையும் சேருகிற இடத்தில் ஒட்டும் நாலங்குல ஸ்கர்ட்டிங் டைல்ஸ். ஐவரி நிறம், பளபளவென்று.

"பெருக்கித் துடைக்கும்போது சுவத்துல அழுக்குப் படாம இருக்க ஒரு பட்டை. இதுல என்னாம்மா கொலை?"

"சிவப்பு ஆக்சைடு தரை, பர்மா தேக்குத் தூணு. அதுக்குக் கீழ இதுவா? பட்டு வேட்டி கட்டிக்கிட்டு பாத்ரூம் செருப்பு போட்ட மாதிரி இருக்கும் மாமா!"

இசைவாணி சிதம்பரத்தில் எம்.ஏ. வரலாறு. வாதாடப் பேராசிரியர் யாரும் சிக்காத சனிக்கிழமைகளில் பஸ் ஏறித் தாய்மாமன் வீட்டுக்கு வந்துவிடுவாள். கீழ்வீட்டை வாடகைக்கு விடுவதற்காக மாமா மராமத்து ஆரம்பித்ததிலிருந்து ஒரு சனிக்கிழமையும் தப்பவில்லை.

"சரி தாயே, அந்தக் காலத்துல எப்படித்தான் வச்சாங்களாம்?"

இதற்குத்தானே காத்திருந்தாள். கைப்பேசியில் படம் படமாகத் தள்ளினாள்.

"இது மரம், ஆறு அங்குலம். இது கறுப்பு ஆக்சைடு, ஒம்பது அங்குலம்..."

மாமா கொட்டாவி விட்டார்.

"இது ஒரு வக்கீல் வீடு. தேக்குப் பலகை, இடுப்பு உயரத்துக்கு."

கொட்டாவி பாதியில் நின்றது.

"இடுப்பு உயரத்துக்கா?"

"ஆமா. மூணடிக்கு மேலயே இருக்கும்."

"மூணேகால் வைக்கலாமா?"

"வைக்கலாம்... ஏன்?"

"சார்லஸ், கீழ எல்லா ரூமுக்கும் மூணேகால் அடி. தேக்குலயே போட்டுடு."

ஒரு பல்பு ஃபியூஸ் ஆனால் அடுத்த அறை பல்பைக் கழற்றி மாட்டுகிற மனிதர்! அரை மணி நேர வாதத்தைத் தயார் பண்ணிக்கொண்டு வந்திருந்த இசைவாணிக்கு, ஜெயித்ததில் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

"சார், மரம் ஊறிப் போயிடும்" என்றார் சார்லஸ் மெதுவாக.

"வீட்டுக்குள்ள மரத்தை ஊற வைக்கத் தண்ணி எங்கேருந்துண்ணே வரும்?" என்று பாய்ந்தாள் இசைவாணி. "பழசைக் காப்பாத்தணும்னா மட்டும் நம்ம ஆளுங்களுக்கு ஒடனே ஒரு சாக்கு வந்துடும்."

சார்லஸ் மாமாவைப் பார்த்தார். மாமா மின்விசிறியைப் பார்த்தார்.

அன்றைக்கே இன்ஸ்டாகிராமில் எழுதிவிட்டாள்: 'பாட்டன் வீட்டை இடித்து டைல்ஸ் ஒட்டும் கனவான்களே, என் மாமாவைப் பார்த்துத் திருந்துங்கள்!' துறைத்தலைவரே லைக் போட்டார்.

நாலாவது சனிக்கிழமை ரேகா என்று ஒரு பெண் வீடு பார்க்க வந்தாள். சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை.

"அம்மாவுக்கு ஒரு பக்கம் வராது சார். படுத்த படுக்கை. மாடி ஏத்த முடியாது, அதான் கீழ்வீடா தேடுறேன். நான் கம்பெனிக்குப் போயிட்டா தனியாத்தான் கெடப்பாங்க."

"இங்க ராணி மாதிரி இருக்கலாம்."

"வெள்ளத்தப்ப இந்தப் பக்கம் தண்ணி ஜாஸ்தின்னு சொன்னாங்களே?"

"தெருவோட நின்னுடுச்சும்மா. உள்ள வந்திருந்தா சுவத்துல கறை இருக்காதா? நல்லாப் பாத்துக்கங்க."

இசைவாணி பள்ளிக்கூடத்தில் படித்தபோதிருந்து கேட்ட கதைதான். நெய்வேலியில் வளர்ந்தவளுக்கு வேறு கதை தெரியாது.

ரேகா பார்த்தாள். மேலே வெள்ளை வெளேரென்று சுவர். கீழே தகதகவென்று தேக்கு.

"பலகை நம்ம அக்கா பொண்ணு யோசனை. யூனிவர்சிட்டில ஆராய்ச்சி பண்ணிச் சொன்னது. எல்லாம் அந்தக் காலத்து அசல்" என்றார் மாமா.

இசைவாணியின் கழுத்து ஓர் அங்குலம் உயர்ந்தது.

"படுக்கை ரூமையும் பாத்துடலாமா சார்?"

"அங்க கொஞ்சம் பலகை வேலை பாக்கி. ஒரே தூசி. திங்கக்கிழமை பாருங்க."

சார்லஸை விரட்டி இப்போதே முடிக்க வைத்தால் என்ன என்று இசைவாணி உள்ளே போனாள். அந்த அறை இத்தனை நாள் சாமான் அடைத்துப் பூட்டியே கிடந்தது. இன்னும் பெயின்ட் அடிக்கவில்லை.

சுவரில் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை, நூல் பிடித்தது போல ஒரு பழுப்புக் கோடு. அதற்குக் கீழே காரை பொரிந்து உதிர்ந்துகொண்டிருந்தது.

"அண்ணே, என்னா கோடு இது?"

சார்லஸ் அவளை ஆச்சரியமாகப் பார்த்தார்.

"என்னாம்மா, நீங்க சொன்ன அளவுதானே? வெள்ளத்துல தண்ணி நின்னது மூணடி. அதுக்கு மேல காலடி விட்டுப் பலகை. பெயின்ட்டு எத்தனை கோட் அடிச்சாலும் அடுத்த மழைக்கு அந்தக் கறை திரும்ப வெளிய வந்துடுது. பலகைதான் சரின்னு சார் சொன்னாரு."

ஒரு கட்டில் என்ன உயரம் இருக்கும்? ஒன்றரை அடி.

சார்லஸ் அடுத்த பலகையைத் தூக்கினார்.

"அடிக்காதீங்கண்ணே."

கூடத்தில் ரேகா, என்றைக்குக் குடி வரலாம் என்று நாள் கேட்டுக்கொண்டிருந்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக இசைவாணிக்கு மாமாவோடு வாதாடத் தோன்றவில்லை.

"அக்கா, தூசி பரவால்ல, வாங்க" என்று ரேகாவின் கையைப் பிடித்தாள். "என் ஆராய்ச்சி இன்னும் மூடி மறைக்காத சுவரு ஒண்ணு உள்ள இருக்கு."