இருபது வீதக் கழிவு

பிறந்தநாளுக்கு இலவச உணவு வழங்குமிடத்தில் ஒரு பை சாமான் கொடுத்து, தன்னடக்கம் கருதி ஒரு வரிகூட எழுதாமல் அந்தப் படத்தை முகநூலில் போட்டதிலிருந்து, லோறென்ஸ்கூக் நகரத்துச் சந்திரகுமாருக்கு அங்குள்ள தமிழரிடையே மதிப்புக் கூடிவிட்டது.

தமிழ்க்கடையில் விலையில் இருபது வீதம் கழித்தார்கள். கோயிலில் அன்னதானச் சோற்றை இரண்டு பெட்டியாகக் கட்டிக் கொடுத்தார்கள். முடிவெட்டுகிறவர் காசே வாங்கவில்லை.

“பாத்தீரே, குடுக்கிறவனைச் சனம் எப்பிடிக் கொண்டாடுது!” என்று மனைவி உதயகுமாரியிடம் நெஞ்சை நிமிர்த்தினார்.

சனிக்கிழமை கடைக்கார ரிசாந் கழிவோடு ஒரு கட்டு முருங்கைக்காயும் வைத்தான்.

“என்ர படத்தைப் பாத்தனீர் போல?”

“ஓம் அண்ணை, மனம் பொறுக்கேல்லை.” ரிசாந் குரலைத் தாழ்த்தினான். “உதவிச் சாமான் எடுக்கிற எல்லாருக்கும் எங்கட கடையில கழிவுதான். வெக்கப்படாதேங்கோ.”

“எடுக்கிறதோ? நான் குடுத்தனான் ஐசே!”

“எனக்கு மறைக்காதேங்கோ அண்ணை. பையை ரெண்டு பேரும் பிடிச்சிருக்கிறியள். மற்ற ஆள் வெள்ளைக்காரி. ஆர் குடுத்தது, ஆர் வாங்கினது எண்டு விளங்காதே?”

வெள்ளைக்காரிக்கே கொடுத்தவன் என்று பெயர் வரட்டும் என்றுதான், அவ்வளவு நீள வரிசையிலும் அவளைத் தேடிப் பிடித்துப் படமெடுத்திருந்தார் சந்திரகுமார்.