அழிக்காத சைலன்சர்

சத்தமே இல்லாத மின்சார பைக்குகளுக்கு உறுமும் சைலன்சர் மாட்டுவது என் தொழில். ஓட்டுபவர் எந்த இடத்தில் எப்படி உறுமவிடுகிறார் என்பதை அது பழகிக்கொள்ளும். வேறு வண்டிக்கு மாட்டுமுன் அந்த நினைவை அழித்துவிட வேண்டும்.

அண்ணன் விபத்தில் இறந்த மறுமாதம், அவனுடைய சைலன்சரை மதனி பட்டறைக்குக் கொண்டுவந்தார்.

"அழிச்சிட்டு யாருக்காவது மாட்டிருங்க தம்பி. இந்தச் சத்தம் இனி எங்க தெருவுல கேக்கக் கூடாது."

எனக்குத்தான் மனம் வரவில்லை. அண்ணனின் உறுமல் எங்கேயாவது ஓடிக்கொண்டிருக்கட்டுமே என்று, ஊருக்குப் புதிதாக வந்த ஒருவரின் ஸ்போர்ட்ஸ் பைக்கில் அழிக்காமலே வைத்து, போல்ட்டுகளை இறுக்கினேன். புகையே போகாத அந்தக் குழாயைத் துடைத்தும் கொடுத்தேன்.

பத்தாம் நாள் அவர் திரும்பி வந்தார்.

"அண்ணே, டூட்டி முடிஞ்சு போற வழியில ஒரு தெருமுனை வந்தா, இது தானா ரெண்டு தடவை உறுமுது. உடனே ஒரு அக்கா ஓடிவந்து கேட்டைத் திறக்கிறாங்க."

"அப்புறம்?"

"என் முகத்தைப் பாத்ததும் மூடிருவாங்க. நேத்து மூடலண்ணே. 'ஏன் இவ்வளவு நேரம்'னு கேட்டாங்க."