இறக்கைக்குப் பக்கத்து சீட்

“ஒரு மனுசிக்கு இம்புட்டுப் பயம் ஆகாதுப்பா. அவளுக்காகத்தான் ஒன்னய இந்தப் பாடு படுத்துதேன்” என்றார் ரிட்டயர்டு இன்ஸ்பெக்டர் சிவபாண்டி, மீசையைத் தடவிக்கொண்டே.

அழகுராஜாவுக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்தே வந்தன. ஒரு விமானத்துக்காக ஸ்ரீவில்லிபுத்தூரில் கம்ப்யூட்டர் கடையைப் பூட்டிவிட்டு ராஜபாளையத்துக்கு அவன் வருவது இது மூன்றாவது தடவை.

விமானம் என்றால் கம்ப்யூட்டர் கேமில் ஓட்டுகிற விமானம்.

சிங்கப்பூரில் இருக்கிற சிவபாண்டியின் மகளுக்கு நிறைமாசம். “நீங்க ரெண்டு பேரும் வந்தே ஆகணும்” என்று தினமும் அழுகிறாள். அம்மா மாரிக்கனிக்கோ விமானம் என்றாலே உதறல். அடுத்த வாரம் கிளம்பணும். அதற்குள் ஏறுவது, குலுங்குவது, இறங்குவது எல்லாவற்றையும் வீட்டிலேயே பழக்கிவிடுவது என்று சிவபாண்டி கங்கணம் கட்டியிருந்தார்.

கேமோடு வந்த விமானங்கள் அவருக்குப் பிடிக்கவில்லை.

“டிக்கெட்ல என்ன ரகம் போட்டிருக்கோ அதுதாம்ப்பா வேணும். அதே சத்தம். எறக்கைக்குப் பக்கத்து சீட்ல உக்காந்து பாத்தா எப்படித் தெரியுமோ, அப்படியே தெரியணும்.”

முதலில் இணையத்தில் சும்மா கிடைத்த ஒன்றை இறக்கிப் போட்டான் அழகுராஜா. சக்கரமே இல்லாமல் ஓடுபாதைக்கு மேலே மிதந்துகொண்டு நின்றது. அடுத்ததில் சக்கரம் இருந்தது, சத்தம் இல்லை. இன்றைக்குக் கொண்டுவந்ததோ லிஸ்டிலேயே வரவில்லை.

“எங்கப்பா பிளேனு?”

“ஃபோல்டருக்குள்ள இன்னொரு ஃபோல்டர் கெடக்கு சார். அத வெளிய எடுத்துப் போட்டாத்தான் கேமுக்குக் கண்ணு தெரியும்.”

எடுத்துப் போட்டான். கேமை மறுபடி திறந்தான். மதுரை ஓடுபாதையில் ஜம்மென்று நின்றது விமானம்.

“ஏட்டி மாரிக்கனி! வா, வந்து உக்காரு!”

அவர் ஜாய்ஸ்டிக்கைப் பிடித்தார். மாரிக்கனி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். விமானம் தரையை விட்டதுதான் தாமதம்.

“யாத்தே, தூக்குதே! எனக்குக் கொடலப் பொரட்டுதே!”

“பயப்படாதட்டி. இப்பச் சக்கரத்த உள்ள இழுக்கும். ‘டொம்’முன்னு ஒரு சத்தம் கேக்கும். அம்புட்டுதான்.”

டொம்மென்றது. மாரிக்கனி போட்ட அலறலில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்து மூடியது.

பொம்மை விமானத்துக்கே இந்தக் கூத்தா? பாவம், இந்த மனுசனுக்குத்தான் எவ்வளவு பொறுமை என்று நினைத்துக்கொண்டான் அழகுராஜா.

விமானம் மதுரையை ஒரு சுற்றுச் சுற்றி இறங்கப் போகிற நேரம், சிவபாண்டியின் போன் அடித்தது.

“மருமகன் கூப்புடுதாரு. உள்ள டவர் கெடைக்காது” என்று ஜாய்ஸ்டிக்கை அப்படியே மேஜையில் வைத்துவிட்டுத் தெருவுக்கு ஓடினார்.

விமானம் மூக்கைக் கவிழ்த்தது. திரையில் தரை விறுவிறுவென்று மேலே வந்தது. அழகுராஜாவுக்கு விமானத்தை இன்ஸ்டால் பண்ணத் தெரியுமே தவிர, ஓட்டத் தெரியாது. பதறிப்போய்க் கையை நீட்டினான்.

அதற்குள் இன்னொரு கை ஜாய்ஸ்டிக்கை எடுத்தது.

மாரிக்கனி மூக்கை நிமிர்த்தினாள். வேகத்தைக் குறைத்தாள். சக்கரத்தை இறக்கினாள். மாவு கரைக்கிற பதத்தில் ஜாய்ஸ்டிக்கை லேசாக ஒரு ஆட்டு ஆட்டி, விமானத்தைப் பூப்போல ஓடுபாதையில் உட்கார வைத்தாள்.

அழகுராஜா வாயைப் பிளந்தான். “அம்மா... நீங்களா?”

“அவிய மத்தியானம் உறங்குத நேரத்துல கேமோட வந்த சின்னப் பிளேன ஓட்டிப் பழகிக்கிட்டேன். நல்லாத்தான் இருக்கு தம்பி.”

“அப்ப இந்த அலறல்?”

மாரிக்கனி வாசலை எட்டிப் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“முன்னாடி ரெண்டு தடவ டிக்கெட் போட்டோம். ரெண்டு தடவையும் ஏர்போர்ட் வாசல்ல அவியளுக்குத்தான் வேர்த்து ஊத்தி, காலு நடுங்கி, திரும்பி வந்தோம். இப்ப எனக்குத்தான் பயம்னு நான் அலற ஆரம்பிச்ச பொறவுதான், எனக்குத் தைரியம் சொல்லணுமேன்னு அவிய பெட்டியக் கட்டுதாவ!”