திரை பச்சையானபோது

"அலாரத்தை அமத்தினது நீதானே?" பெரிய நர்ஸ் கேட்டாள்.

சின்ன நர்ஸ் தலையாட்டினாள். காலையிலிருந்து இருபது தடவை அமர்த்தியது அவள்தான்.

பிறந்து மூன்று நாளான ஆண் குழந்தை. பால் குடிக்கும்போது இரைத்தது என்று காலையில்தான் கருவியில் மாட்டினார்கள். நாடித் துடிப்பு நூற்று நாற்பது. அந்த வயசுக்கு அது சரியான அளவு. ஆனால் வார்டு கம்ப்யூட்டர் அதைச் சிவப்பில் காட்டி ஓயாமல் கத்தியது. கம்ப்யூட்டர்க்காரனுக்குப் போன் போட்டாள். "சாப்பிட்டுட்டு வர்றேன் சிஸ்டர்" என்றான்.

இரண்டு மணிக்குக் கத்தல் தானாக நின்றது. எண் பச்சையானது. அப்பாடா என்று அடுத்த கட்டிலுக்குப் போனாள். திரும்பி வந்தபோது குழந்தையின் உதடு நீலம் பாரித்திருந்தது. எதுவும் செய்ய முடியவில்லை.

"எம்புள்ள மூச்சு முட்டிச் சாகுறப்ப அந்தப் பெட்டி ஏன் சும்மா கெடந்துச்சு?" குழந்தையின் அப்பா மேசையை ஓங்கி அறைந்தார்.

அதே ஆஸ்பத்திரியில் பதினோரு வருஷமாக அட்மிஷன் மேசையில் இருப்பவர். எல்லோருக்கும் அட்மிஷன் அண்ணன். குழந்தை பிறந்த அன்று வார்டு முழுக்கச் சாக்லேட் கொடுத்தார். "எம்புள்ள எதுக்கு வரிசைல நிக்கணும்? தொப்புள்கொடி காயறதுக்குள்ள ஃபைல் போட்டாச்சுல்ல!" என்று அன்று ஒரே சிரிப்பு.

"நாலு மணிக்கு விசாரணை" என்றாள் பெரிய நர்ஸ். "வேலை போயிடுச்சுன்னே வெச்சுக்கோ. போலீஸ் வராம இருந்தாப் போதும்."

கம்ப்யூட்டர்க்காரன் சின்ன நர்ஸைத் தாழ்வாரத்துக்கு இழுத்துப் போனான். கையில் ஒரு தாள்.

"பொழைச்சீங்க சிஸ்டர். தப்பு ஃபைல்ல. அம்மாவோட ஃபைலை அப்படியே காப்பி அடிச்சு, பேரை மட்டும் மாத்தியிருக்காங்க. பொறந்த தேதியை மாத்தலை. கம்ப்யூட்டருக்கு அந்தக் குழந்தைக்கு இருபத்தொம்பது வயசு. துடிப்பு எண்பதுக்கு எறங்கினதும், 'பெரியவங்களுக்குச் சரிதான்'னு பச்சை காட்டிடுச்சு. யாரு பண்ணினதுன்னு கீழ இருக்கு, பாருங்க."

பார்த்தாள். இன்னொரு தடவை பார்த்தாள். தாளை நான்காக மடித்தாள்.

பெஞ்சில் குழந்தையின் அம்மா உட்கார்ந்திருந்தாள். மார்பில் பால் கசிந்து சட்டை நனைந்திருந்தது. அதைத் துடைக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. கணவரின் வலது கையை மட்டும் விடாமல் பிடித்திருந்தாள்.

அவர் கையை உதறிக்கொண்டு எழுந்து வந்தார். "என்ன தாள் அது? யாருன்னு தெரிஞ்சிடுச்சா? சொல்லும்மா. அவன் கையை ஒடிக்காம நான் வீட்டுக்குப் போகமாட்டேன்."

கம்ப்யூட்டர்க்காரன் வாயெடுத்தான். நர்ஸ் அவன் காலை அழுத்தி மிதித்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

தாளை அவள் எட்டாகக் கிழித்தாள். பிறகு அவரை நேராகப் பார்த்தாள்.

"நீங்க ஃபைலைச் சரியாத்தான் போட்டிருந்தீங்க அண்ணே. மாத்தினது நான்."